பெரியவர்களுக்குக் கணிதம் படிப்பிக்க லண்டனில் எந்தச் சான்றிதழ் முதலில்?

நெல்லியடியான் எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பத்து வருடத்துக்கு மேல் கணித ஆசிரியராக இருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம், பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. பெரும்பாலும் சாதாரண தர வகுப்புகள்தான் எடுத்தேன். மனைவி இங்கே பிரஜாவுரிமை உள்ளவர். அவருடைய பக்கத்தால் விசா எடுத்து வந்து ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை, தட்டுகளில் சாமான் அடுக்குவது.

பள்ளிக்கூடப் பக்கம் போக எனக்கு மனமில்லை. இங்கத்தைய பதினான்கு வயதுப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க என்னால் முடியும் என்று தோன்றவில்லை. ஆனால் மாமி கவுன்சிலின் ஆங்கில வகுப்புக்குப் போகிறா. அவவைக் கூட்டிவரப் போன இடத்தில் பக்கத்து அறையில் என் வயதும் அதற்கு மேலும் உள்ள ஆட்கள் இருந்து பின்னக் கணக்குச் செய்து கொண்டிருந்தார்கள். அந்த வேலை எனக்குச் சரிவரும் என்று அன்றே நினைத்தேன்.

விசாரித்தால் ஆளுக்கொரு கதை. ஒருவர் செல்டா செய் என்கிறார். இன்னொருவர் பி.ஜி.சி.ஈ, அதாவது பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார். முகநூலில் ஒரு விளம்பரம், இரண்டு வார இறுதியில் லெவல் 3 ஆசிரியர் சான்றிதழ், உடனே கல்லூரி வேலை என்கிறது. எதை முதலில் செய்வது? வயது நாற்பத்தொன்று. ஆங்கிலம் வாசிக்க எழுதப் பரவாயில்லை, கதைக்கும்போதுதான் தடக்குகிறது.

வெம்பிளிவாசி எழுதியது:

செல்டா செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன் அண்ணா, அது உங்களுக்கில்லை. ஆங்கிலத்தை வேற்றுமொழிக்காரருக்குப் படிப்பிக்கிறவர்களுக்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ் அது. 120 மணிநேரம், அதில் 6 மணிநேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று படிப்பிக்க வேண்டும், பின்னால் ஒருவர் இருந்து குறிப்பு எழுதுவார். முழுநேரமாகச் செய்தால் நாலு கிழமையில் முடியும், ஆனால் அந்த நாலு கிழமையும் நித்திரையை மறந்துவிட வேண்டும். இரவு வேலையோடு நினைத்தும் பார்க்காதீர்கள். காசும் கனக்க.

ஈசோல் வகுப்புக்கு, அதாவது மாமி போகிற மாதிரி வகுப்புக்கு ஆசிரியராக வேண்டுமென்றால் செல்டாவோ டிரினிட்டி என்ற அமைப்பு கொடுக்கிற அதே மாதிரிச் சான்றிதழோ நல்ல தொடக்கம். கணிதத்துக்கு வேறு வழி. புலோலி அக்கா இந்தப் பக்கம் வந்தால் வடிவாகச் சொல்லுவா.

புலோலி அக்கா எழுதியது:

வந்திட்டேன். தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கோ.

தம்பி, உங்களுக்குக் கிடைத்த மூன்று ஆலோசனையும் முழுப் பொய் இல்லை. ஒவ்வொருவரும் தாங்கள் வந்த வழியைத்தான் சொல்கிறார்கள். இந்தத் துறையில் ஒரே வாசல் என்று ஒன்று கிடையாது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2007இல் இங்கிலாந்தில் ஒரு ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள். அரச நிதியில் நடக்கிற தொடர்கல்விக் கல்லூரிகளில், அதாவது பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கல்லூரிகளில், படிப்பிப்பவர்கள் குறித்த காலத்துக்குள் ஆசிரியத் தகுதி எடுக்கவேண்டும் என்று. 2012இல் லிங்ஃபீல்ட் பிரபு தலைமையில் ஒரு மீளாய்வு நடந்தது, 2013இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாருக்கு என்ன தகுதி வேண்டும் என்று முடிவு செய்வது வேலை கொடுக்கிற இடம்தான். அதனால்தான் ஒரு கவுன்சில் லெவல் 3 போதும் என்று எடுக்கும், அடுத்த தெருவில் உள்ள கல்லூரி டிப்ளோமா இல்லாவிட்டால் நேர்முகத்துக்கே கூப்பிடாது. சட்டம் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் உண்மை. ஆனால் விளம்பரத்தில் "விரும்பத்தக்கது" என்று போட்டிருப்பது பல இடங்களில் "கட்டாயம்" என்பதற்கு மரியாதையான சொல், அதையும் தெரிந்து வைத்திருங்கோ.

இனிச் சான்றிதழ்கள். இங்கே தகுதிகளைப் படி மாதிரி லெவல் எண்ணால் அடுக்கியிருக்கிறார்கள், எண் கூடினால் தகுதியும் கூட. ஆசிரியர் சான்றிதழ்களில் அடியில் இருப்பது லெவல் 3 அவார்ட். நான் செய்த காலத்தில் அதற்குப் பி.டி.எல்.எல்.எஸ் என்று பெயர், எல்லோரும் "பெட்டல்ஸ்" என்போம். அதற்கு மேலே "கெட்டில்ஸ்", அதற்கும் மேலே "டெட்டோல்ஸ்". பூவிதழில் தொடங்கிக் கேத்தலுக்குப் போய்க் கடைசியில் காயத்துக்கு மருந்து என்று வகுப்பில் பகிடி விடுவோம். 2013க்குப் பிறகு பெயர்களை மாற்றிவிட்டார்கள்.

லெவல் 3 அவார்ட் என்பது 12 கிரெடிட். மொத்தம் 120 மணிநேரப் படிப்பு என்று கணக்கு, அதில் 48 மணிநேரம் வழிகாட்டலோடு. இரண்டு வார இறுதியில் முடிக்கலாம் என்கிறவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டிக் கேளுங்கோ, நீங்கள் கணக்கு வாத்தியார்தானே. சிலர் மிச்சத்தை வீட்டில் ஒப்படையாகச் செய்விப்பார்கள், அது முறையானதுதான். சிலர் ஒப்படையையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடங்களுக்குப் போகாதீர்கள். பிறகு நேர்முகத்தில் "நீங்கள் மதிப்பீட்டை எப்படித் திட்டமிடுவீர்கள்" என்று கேட்டால் வாயில் ஒன்றும் வராது. சான்றிதழ் வழங்குகிற அமைப்பு அங்கீகாரம் உள்ளதா என்று ஆஃப்குவால் என்ற அரச பரீட்சைக் கண்காணிப்பு அமைப்பின் பதிவேட்டில் பார்க்கலாம், இலவசம்.

இந்த அவார்டில் உண்மையான வகுப்பு எதுவும் எடுக்கத் தேவையில்லை. உங்களோடு படிக்கிறவர்களுக்கு ஒரு சிறு பாடம் நடத்திக் காட்டவேண்டும், மைக்ரோ டீச் என்பார்கள். குறைந்தது 15 நிமிடம். வகுப்பே இல்லாதவர்களுக்கும் கிடைக்கும் என்பதால்தான் இது வாசல்படி. ஆனால் வாசல்படி மட்டும்தான், இதை வைத்து வேலை நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது லெவல் 4. அதற்கு 30 மணிநேரம் உண்மையாகப் படிப்பித்திருக்க வேண்டும். அதற்கு மேல் லெவல் 5 டிப்ளோமா. பழையதற்கு 100 மணிநேரம் படிப்பிக்க வேண்டும், எட்டுத் தடவை ஒருவர் வகுப்பில் வந்திருந்து அவதானிப்பார். 2024இலிருந்து அதன் இடத்துக்குப் புதிய டிப்ளோமா வந்திருக்கிறது, அதற்குக் கற்பித்தல் மணிநேரம் இன்னும் கூட. முழுத் தகுதி என்று கல்லூரிகள் கேட்பது இதைத்தான். பி.ஜி.சி.ஈ என்று உங்கள் நண்பர் சொன்னதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. மற்றது பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பல்கலைக்கழகத்தால் கொடுப்பது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, விண்ணப்பத்தில் மாறிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது சிக்கல் எங்கே என்று விளங்கும். வகுப்பு கையில் இல்லாமல் டிப்ளோமா செய்ய முடியாது, டிப்ளோமா இல்லாமல் வகுப்புக் கொடுக்க யோசிப்பார்கள். கனபேர் இதிலே நின்று லெவல் 3க்குப் பிறகு வேறு வேறு லெவல் 3களாகச் சேர்த்துக்கொண்டு இருப்பார்கள். கோப்பு நிறையச் சான்றிதழ், வகுப்பு மட்டும் இல்லை. நான் பார்த்தவரையில் இதை உடைக்கிற வழி ஒன்றுதான், முதலில் எப்படியாவது ஒரு பெரியோர் வகுப்புக்குள் போய்விட வேண்டும். தொண்டராகவோ, கற்றல் உதவியாளராகவோ. லெவல் 3ஐ அதோடு சேர்த்துச் செய்யுங்கோ. கவுன்சிலின் பெரியோர் கல்விப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, "கணித வகுப்பில் உதவி செய்ய வரலாமா" என்று கேளுங்கோ. டபிள்யூ.ஈ.ஏ இருக்கிறது, 1903இல் தொடங்கிய தொழிலாளர் கல்விச் சங்கம், இன்றும் நாடு முழுக்க வகுப்பு நடத்துகிறது. மேரி வார்ட் சென்டர் என்ற பெரியோர் கல்வி நிலையம் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வந்துவிட்டது, உங்களுக்குப் பக்கம். நூலகங்களிலும் கேளுங்கோ.

நான் ஈசோல் ஆசிரியை, அதனால் என் பக்கத்துக்கு ஆள் இழுக்க வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், ஈசோலுக்கு வராதீர்கள். வகுப்புக்குக் காத்திருக்கிற மாணவர் வரிசை நீளம்தான், விண்ணப்பிக்கிற ஆசிரியர் வரிசையும் சின்னதில்லை. கணிதத்துக்கு அப்படி இல்லை. மேலாளர்மார் ஆள் தேடித் திரிவதை என் கண்ணால் பார்க்கிறேன். இங்கிலாந்தில் 19 வயதுக்கு மேற்பட்டவர் ஜி.சி.எஸ்.ஈ, அதாவது எங்கள் சாதாரண தரம் மாதிரியான பள்ளிக்கூடப் பரீட்சை, கணிதத்தில் 4ஆம் தரம் எடுக்காமல் இருந்தால் லெவல் 2 வரை இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. எனவே வகுப்பு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், படிப்பிக்கத்தான் ஆள் வேண்டும். உங்கள் பட்டம்தான் உங்களிடமுள்ள பெரிய பலம். மற்றச் சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகு.

யார் வருவார்கள் என்றால், தாதியாகப் போக விரும்புகிற பராமரிப்பு வேலைக்காரர், பள்ளிக்கூடத்தில் உதவியாளராக இருக்கிற தாய்மார், பதவி உயர்வுக்குச் சான்றிதழ் கேட்கப்பட்டவர்கள். எங்கள் ஆட்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளையர் பலர். 1999இல் மோசர் அறிக்கை என்று ஒன்று வந்தது. இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பெரியவருக்கு மஞ்சள் பக்கங்கள் என்ற தொழில் தொலைபேசிப் புத்தகத்தின் அட்டவணையைக் கொடுத்தால் குழாய் திருத்துபவர் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது என்று அதில் எழுதியிருந்தார்கள். கணக்கில் நிலைமை அதைவிட மோசம். இன்றைய பெரியோர் அடிப்படைக் கல்வி அந்த அறிக்கைக்குப் பிறகு எழும்பியதுதான்.

படிப்பிக்கிற விதம் பற்றி ஒரு எச்சரிக்கை, கோபிக்காதீர்கள். ஊரில் நாங்கள் கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்து காட்டுவோம், பிள்ளைகள் கொப்பியில் எழுதும், அதே மாதிரி பத்துக் கணக்கு வீட்டுக்கு. இங்கே அப்படி எடுத்தால் அவதானிக்க வந்தவர் "ஆசிரியர் கதைத்தது கூட" என்று எழுதிவிட்டுப் போவார். பெரியவர் ஒருவர் தனக்கென்று ஒரு கணக்கு முறையோடு வருவார். போர்த்துக்கல், பிரேசில் பக்கத்து ஆள் ஆயிரத்து ஐந்நூறை எழுதும்போது நடுவில் புள்ளி வைப்பார், தசமத்துக்குக் கமா போடுவார். அது பிழை இல்லை, அவருடைய நாட்டு வழக்கம். வகுத்தலை ஒருவர் இடப்பக்கம் எழுதுவார், இன்னொருவர் வலப்பக்கம். முதலில் "நீங்கள் எப்படிச் செய்வீர்கள், காட்டுங்கோ" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகுங்கோ. ஆசிரியருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை வேறு இல்லை.

பரீட்சையும் உங்களுக்குப் புதிது. ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்பார்கள். என்ட்ரி 1, 2, 3, பிறகு லெவல் 1, லெவல் 2. தேற்றம் நிறுவுவதெல்லாம் கிடையாது. சம்பளச் சீட்டு, தரைவிரிப்பின் பரப்பளவு, ரயில் நேர அட்டவணை, தள்ளுபடி விலை, கடன் வட்டி. லெவல் 1இலும் 2இலும் புள்ளிகளில் கால்வாசி கல்குலேட்டர் இல்லாத பகுதிக்கு. அங்கேதான் கனபேர் விழுவார்கள், ஊர் ஆசிரியர் மிளிரக்கூடிய இடமும் அதுதான். வாய்ப்பாடு மனப்பாடமாக உள்ளவரைப் பார்த்தால் இங்கே மந்திரவாதியைப் பார்த்த மாதிரிப் பார்ப்பார்கள்.

இன்னும் இருக்கிறது, கை நோகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

நெல்லியடியான் எழுதியது:

அக்கா, மெத்தப் பெரிய உபகாரம். மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். "ஆசிரியர் கதைத்தது கூட" என்ற இடத்தில் அவ நிறுத்தி என்னைப் பார்த்தா, நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். என் பட்டத்தையும் டிப்ளோமாவையும் இங்கே மதிப்பார்களா, அல்லது வெறும் காகிதமா? இரண்டாவது, எனக்கே ஆங்கிலத்தில் ஏதாவது சான்றிதழ் வேண்டுமா? சாதாரண தரத்தில் ஆங்கிலம் சி எடுத்தேன், அவ்வளவுதான். மூன்றாவது, தொண்டு வேலை செய்தால் அந்த மணிநேரத்தை டிப்ளோமாவுக்குக் கணக்கில் எடுப்பார்களா? இரவு வேலை முடித்து வந்து பகலில் காசில்லாமல் வேலை செய்வது என்றால் வீட்டில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்.

குழாய்க்காரன் எழுதியது:

கணிதத்துக்குச் சம்பந்தமில்லாத ஆள், ஆனாலும் இதே துறைதான், அதனால் மூக்கை நுழைக்கிறேன். நான் குழாய் வேலை படிப்பிக்கிறேன், கிழமையில் மூன்று பின்னேரம்.

எங்கள் பக்கத்தில் வழி தலைகீழ். முதலில் தொழில், பிறகு சான்றிதழ். கையில் தொழில்தகுதியும் வேலைத்தள அனுபவமும் இருந்தால் கல்லூரியே பிடித்து இழுக்கும், ஆசிரியர் டிப்ளோமாவை வேலையில் சேர்ந்தபிறகு அவர்கள் செலவில் செய்விக்கும். நான் உள்ளே போனது மதிப்பீட்டாளராக. லெவல் 3இலேயே மதிப்பீட்டாளர்களுக்கென்று தனித் தகுதி இருக்கிறது. பயிலுநர் வேலை செய்கிற இடத்துக்கே போய், அவர் செய்வதைப் பார்த்து, கேள்வி கேட்டு, தகுதி வந்துவிட்டதா என்று எழுத வேண்டும். பழைய ஆட்கள் இன்றைக்கும் "டி32", "ஏ1" என்று அதன் பழைய பெயர்களைச் சொல்வார்கள், குழம்பாதீர்கள். இதை வாசிக்கிற யாராவது பராமரிப்பு வேலையிலோ சமையலிலோ மின்வேலையிலோ பல வருடம் இருந்தால், கரும்பலகைக்கு முன்னால் நிற்கப் பயம் என்றால், இந்த மதிப்பீட்டாளர் வழியை யோசியுங்கள். கதைக்கிற ஆங்கிலத்தை விடத் தொழில் கண் முக்கியம்.

நெல்லியடியானுக்கு ஒரு விஷயம். சம்பளம் எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லையே. பெரியோர் வகுப்பு வேலை கனக்க மணிநேரக் கணக்கு. விளம்பரத்தில் ஒரு மணிக்கு என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துச் சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிடாதீர்கள். அது நீங்கள் வகுப்பில் நிற்கிற மணிநேரத்துக்கு. பாடக்குறிப்பு எழுதுவது, ஒப்படை திருத்துவது, இணையத்தில் வரவு பதிவது எல்லாம் அதற்குள் அடக்கம் என்பார்கள். கோடை விடுமுறையில் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லாவிட்டால் காசும் இல்லை. ஒரு கல்லூரி எனக்கு இரண்டு வகுப்பு என்று உறுதி சொல்லி, ஆள் போதாது என்று தொடங்குகிற கிழமையில் ஒன்றை வெட்டியது. அதே பின்னேரத்துக்கு வேறு இடத்தில் கேட்ட வேலையை நான் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச மணிநேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் இரண்டு இடத்தில் கால் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் அப்படித்தான்.

புலோலி அக்கா எழுதியது:

குழாய்க்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் சம்பளத்தைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், அவர் முந்திவிட்டார்.

தம்பியின் மூன்று கேள்விக்கும் வருகிறேன். பட்டம் வெறும் காகிதம் இல்லை. யூ.கே ஈனிக் என்று ஒரு அமைப்பு, முன்னர் நாரிக் என்று பெயர், 2021இல் மாற்றினார்கள். வெளிநாட்டுத் தகுதி இங்கத்தைய எந்த லெவலுக்கு ஒப்பு என்று கடிதம் தருவார்கள். காசு கட்ட வேண்டும், எல்லாம் இணையத்தில்தான். யாழ்ப்பாணப் பட்டத்துக்கும் திறந்த பல்கலைக்கழக டிப்ளோமாவுக்கும் இரண்டுக்குமே எடுங்கோ. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கோ, உங்கள் டிப்ளோமா லெவலில் ஒத்துப்போனாலும் அது இங்கத்தைய தொடர்கல்வி ஆசிரியத் தகுதி ஆகிவிடாது. மேலாளர் அதை அனுபவமாக மதிப்பார், இங்கத்தைய டிப்ளோமாவைச் செய்யாமல் விட அது அனுமதி இல்லை. பாடத்திட்ட நெறியாளரிடம் முன்கற்றலை அங்கீகரிப்பீர்களா என்று கேட்கலாம். சில இடங்கள் ஒரு பகுதியை விட்டுத் தருவார்கள்.

ஆங்கிலம். டிப்ளோமாவில் சேர லெவல் 2 ஆங்கிலமும் கணிதமும் கேட்பார்கள். அதற்குப் பிறகு க்யூ.டி.எல்.எஸ் என்ற தொழில் அந்தஸ்துக்குப் போகும்போதும் கேட்பார்கள். கணிதத்துக்கு உங்கள் பட்டம் பேசும். ஆங்கிலத்துக்கு சாதாரண தர சி-யோடு மல்லுக்கட்டிக் கொண்டு நிற்காமல், ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 ஆங்கிலத்தை நீங்களே போய் மாணவராக இருந்து எழுதுங்கோ. இலவசமா என்பது விசா வகையையும் இங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்பதையும் பொறுத்தது, பதிவு செய்யும்போது கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கோ. அதில் கதைக்கிற பரீட்சையும் உண்டு, தடக்குகிறது என்றீர்களே, அதற்கும் நல்லது. இன்னொரு லாபம், பெரியோர் வகுப்பு எப்படி நடக்கிறது என்பதை மாணவர் கதிரையில் இருந்து பார்ப்பீர்கள். உச்சரிப்பைப் பற்றி யோசிக்காதீர்கள். என் உச்சரிப்பில் இன்றைக்கும் வடமராட்சி மணக்கும், மாணவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மெதுவாகக் கதைக்கிறீர்களா, பலகையில் எழுதிக் காட்டுகிறீர்களா, அதைத்தான் பார்ப்பார்கள்.

தொண்டு மணிநேரம். ஆசிரியருக்குப் பக்கத்தில் இருந்து பென்சில் கூராக்கிக் கொடுத்ததை எண்ண மாட்டார்கள். நீங்களே திட்டமிட்டு, நீங்களே நடத்தி, நீங்களே மதிப்பிட்ட பாடம்தான் கணக்கு, அது சம்பளத்துக்கா தொண்டுக்கா என்பது இரண்டாவது. அதனால் உதவியாளராகப் போன இரண்டாம் மாதமளவில் ஆசிரியரிடம், "கடைசி இருபது நிமிடத்தை என்னிடம் தருவீர்களா" என்று கேளுங்கோ. சந்தோஷமாகத் தருவார்கள், அந்த நேரத்தில் வரவுப் பதிவை முடிக்கலாமே. ஆளும் அனுபவமும் தெரிந்துவிட்டால், ஆசிரியர் சுகவீனம் என்று வராத நாளில் முதல் அழைப்பு உங்களுக்குத்தான் வரும். இங்கே கனபேர் சம்பளத்தோடு முதல் வகுப்பு எடுத்தது அப்படி ஒரு நாளில்தான். வீட்டில் சொல்ல இந்த நியாயம் காணும் என்று நினைக்கிறேன்.

டி.பி.எஸ் என்கிற பொலிஸ் பின்னணிச் சோதனை கட்டாயம் வரும். தொண்டராகப் போகிற இடத்தில் அவர்களே செய்விப்பார்கள், நீங்கள் தனியாகக் காசு கட்டி எடுக்க ஓடவேண்டாம். ஊரில் இருந்த காலத்துக்கு இலங்கைப் பொலிஸ் சான்றிதழும் சில இடங்கள் கேட்கும். அது வர நாள் எடுக்கும், முன்கூட்டியே யோசித்து வையுங்கோ.

நேர்முகத்தில் ஒரு கேள்வி நிச்சயம், பாதுகாப்பு பற்றி. "ஒரு மாணவி வீட்டில் தன்னை அடிக்கிறார்கள் என்று உங்களிடம் இரகசியமாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" ஊர்ப் புத்தியில் "நான் அவவின் புருஷனோடு கதைத்துப் பார்ப்பேன்" என்று சொன்ன ஒருவரை நான் குழுவில் இருந்தபோது பார்த்தேன். நல்ல மனுஷன், ஆனால் நேர்முகம் அதோடு முடிந்தது. இரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கேட்டதைக் கேட்டபடி எழுதி, நிறுவனத்தில் பொறுப்பாக நியமித்தவரிடம் அன்றே கொடுக்க வேண்டும். தீவிரவாதத் தடுப்புக் கடமை என்று 2015 சட்டத்தில் வந்ததையும் கேட்பார்கள். இவை இரண்டுக்கும் இலவச இணையப் பயிற்சி இருக்கிறது, செய்து சான்றிதழை விண்ணப்பத்தோடு போடுங்கோ. லெவல் 3க்கு முன்னமே செய்யக்கூடியது இதுதான், அதுவும் ஒரு பின்னேரத்தில்.

க்யூ.டி.எல்.எஸ் இருந்தால் பள்ளிக்கூடத்திலும் தகுதியான ஆசிரியராக ஏற்றுக்கொள்வார்கள், 2012இலிருந்து அப்படி. பள்ளிக்கூடம் வேண்டாம் என்றீர்கள், இருந்தாலும் தெரிந்திருக்கட்டும், மனம் மாறலாம். தொடர்கல்வியில் கணித ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறார்கள், தொகையும் நிபந்தனையும் வருடா வருடம் மாறும். விண்ணப்பிக்கிற வருடத்து விதியைக் கல்வித் திணைக்களத்தின் பக்கத்தில் பாருங்கோ, இரண்டு வருடம் பழைய காணொளியைப் பார்த்துவிட்டு வரவேண்டாம்.

வயது நாற்பத்தொன்று என்றீர்கள், பிந்தவில்லை. என்னோடு டிப்ளோமா செய்தவர்களில் நான்தான் இளைய ஆள். இந்தத் துறையில் ஆட்கள் இரண்டாவது, மூன்றாவது தொழிலாகத்தான் வருவார்கள்.

நெல்லியடியான் எழுதியது:

அக்கா, இரண்டு இடத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒன்றிலிருந்து பதில் வந்துவிட்டது, வியாழக்கிழமை காலை வகுப்பில் தொண்டராக வந்து பார்க்கச் சொன்னார்கள், டி.பி.எஸ் படிவமும் அனுப்பினார்கள். இரவு வேலை ஆறு மணிக்கு முடியும், வகுப்பு பத்துக்கு, சமாளிக்கலாம். லெவல் 3 ஒரு கல்லூரியில் பின்னேர வகுப்பாக இருக்கிறது, 12 கிழமை ஓடும். இரண்டு வார இறுதிக்காரருக்கு உங்கள் 48ஐயும் 120ஐயும் எழுதிக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

குழாய்க்காரர் அண்ணா, வேலையை விடவில்லை, பயப்படாதீர்கள்.

ஒரு கடைசிச் சந்தேகம். மைக்ரோ டீச்சுக்கு 15 நிமிடம் என்றீர்கள். பின்னங்களைக் கூட்டுவது எடுக்கலாம் என்று யோசிக்கிறேன், அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. சரியா?

புலோலி அக்கா எழுதியது:

வேண்டாம். உங்களோடு லெவல் 3 செய்கிறவர்கள் சிகை அலங்காரக்காரி, யோகா ஆசிரியர், காவலாளி என்று இருப்பார்கள். பின்னம் என்றதும் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்து முகம் இறுகிவிடும், மிச்ச 14 நிமிடமும் அதைத் தளர்த்தவே போய்விடும். ரயில் நேர அட்டவணை வாசிப்பதை எடுங்கோ. உண்மையான அட்டவணையை அச்சடித்து இருவருக்கு ஒன்றாகக் கொடுங்கோ. ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹீத்ரோவுக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி. முடிவில் மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் விட்டார்கள் என்று கேட்டு, ஏன் என்று விளக்கச் சொல்லுங்கோ. நீங்கள் கதைப்பது மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. வீட்டில் மனைவியை இருத்தி மணிக்கூடு பிடித்துப் பாருங்கோ, அவ சரியாகச் சொல்லுவா.